வள்ளிக்கு வாய் உண்டு!

ஒரு காலத்தில் தமிழ் சினிமாவில் படுக்கையறையைக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. புதுமாப்பிள்ளை ‘கொடைக்கானலுக்கு ரெண்டு டிக்கெட்’ என்று சொன்னால் போதும், பெஞ்சு டிக்கெட்டில் விசில் பறக்கும். அடுத்த காட்சியில் பனிமூட்டம், ஏரிப் படகு, புது ஸ்வெட்டர், நேரங்கெட்ட நேரத்தில் ஓட்டல் அறைக் கதவைத் தட்டும் அசட்டு சர்வர். மீதியை ரசிகர்களே முடித்துக்கொள்வார்கள். 1845-இல் காய்ச்சலுக்கும் கோடைக்கும் பயந்து இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் குடியேறியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள். அவர்கள் ஜெபம் செய்த மலை இப்படிப் புகழ்பெறும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மலை அப்படியேதான் இருக்கிறது. கல்யாண மாலையின் வாசம் போகாத ஜோடிகள் வத்தலக்குண்டு வழியாகவும் பழனி வழியாகவும் இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் இறங்கிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்பதுகளின் ‘ஜாலி’ படம் ஒன்று டிவியில் ஓடுகிறது. தாத்தா வாய்விட்டுச் சிரிக்கிறார். அப்பா பாதி சிரித்துவிட்டு, மகள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொள்கிறார். கல்லூரிக்குப் போகும் மகளோ, “இதுல என்னப்பா காமெடி?” என்கிறாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறாள்.

தமிழ்நாட்டில் மட்டும் நடக்கிற கதையில்லை இது. எண்பதுகளில் ஜான் ஹியூஸ் எடுத்த அமெரிக்க இளமைப் படங்களின் நாயகி மோலி ரிங்வால்ட், தன் மகளோடு உட்கார்ந்து ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ படத்தை மறுபடி பார்த்துவிட்டு, அதில் தனக்கு நெருடியவற்றை 2018-இல் ‘நியூயார்க்கர்’ இதழில் ஒரு கட்டுரையாகவே எழுதினார். நடித்தவருக்கே அப்படியென்றால், பார்க்கிறவர்களைச் சொல்வானேன்.

இதற்கு டீக்கடை பெஞ்சில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதை எடுத்தாலும் தொட்டாச்சிணுங்கி.’ கேட்க வசதியான பதில்தான், ஆனால் கணக்கு உதைக்கிறது. அதே பிள்ளைகள்தான் ஓடிடியில் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்படியான தொடர்களைக் கண் சிமிட்டாமல் பார்க்கிறார்கள். 2018-இல் ‘இருட்டு அறையில் முரட்டுக் குத்து’ தியேட்டரில் ஓடியதும் அவர்கள் வாங்கிய டிக்கெட்டில்தான். 2022-இல் ‘லவ் டுடே’யை வெற்றிப் படமாக்கியதும் அவர்கள்தான். அதில் நாயகனின் போனில் இருந்த கண்றாவி கொஞ்சநஞ்சமல்ல. ஆக, பச்சையாக இருப்பது அவர்களுக்குப் பிரச்சினையில்லை.

பெரியவர்களின் கூச்சத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2020-இல் ‘இரண்டாம் குத்து’ படத்தின் விளம்பரத்தைப் பார்த்து இயக்குநர் பாரதிராஜா கொதித்து அறிக்கை விட்டார். அந்தப் படத்தின் இயக்குநர் சந்தோஷ் பி. ஜெயக்குமார், பாரதிராஜாவின் ‘டிக் டிக் டிக்’ (1981) பட விளம்பரத்தை எடுத்துப் போட்டு, அப்போது கண் கூசவில்லையா என்று திருப்பிக் கேட்டார். பிறகு வருத்தமும் தெரிவித்தார். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஆபாசம் எது என்று வாதாடியது. விளம்பரத்தில் நிற்கிற பெண்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பார்வையில், இந்தப் படங்கள் ஏன் ஊசிப்போகின்றன என்பதற்கான துப்பு அங்கேதான் இருக்கிறது.

அக்காவும் தங்கையும்

பாக்யராஜின் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ‘முந்தானை முடிச்சு’ 1983-இல் வந்தது, ‘சின்ன வீடு’ 1985 தீபாவளிக்கு. இரண்டிலும் விரசம் உண்டு, இரட்டை அர்த்தம் உண்டு. முதலதில் ஊர்வசி. அடுத்ததில் ஊர்வசியின் அக்கா கல்பனா. ஒரே வீட்டுப் பெண்கள், அதே இயக்குநர், ஆனால் நாற்பது வருடம் கழித்து இரண்டு படங்களும் இரண்டு விதமாக நிற்கின்றன.

ஊர்வசியின் பரிமளம் செய்கிற காரியங்களைப் பட்டியல் போட்டால் இன்றைக்கு வழக்கே போடலாம். கைக்குழந்தையோடு ஊருக்கு வந்த வாத்தியார்மேல் ஆசைப்பட்டு, அவர் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பஞ்சாயத்தில் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்து கட்டிக்கொள்கிறாள். அப்புறம் முருங்கைக்காய் சாம்பார். தமிழ்நாட்டில் ஒரு காய்கறி இன்றுவரை மானம் இழந்து நிற்பது அந்தப் படத்தால்தான். அத்தனையும் சரியில்லாத வேலை. ஆனாலும் படம் இன்றும் பார்க்க முடிகிறது. காரணம், ஆசை அவளுடையது, திட்டம் அவளுடையது, வாயும் அவளுடையது. படத்தின் பாதிச் சிரிப்பை அவளே உண்டாக்குகிறாள். அவளைப் பார்த்து நாம் சிரிப்பதைவிட, அவளோடு சேர்ந்து சிரிக்கிற இடங்கள் அதிகம்.

அதே படத்தில் முதியோர் கல்வி டீச்சராகத் தீபா வருகிற காட்சிகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். கிழவர்கள் ‘படிக்க’ ஓடி வருகிறார்கள். டீச்சருக்கு இடுப்பு இருக்கிறது, புடவை இருக்கிறது, பேச ஒன்றும் இல்லை. 1983-இல் தியேட்டரே அதிர்ந்த இடம் அது. இன்று ரிமோட் தேடுகிற இடமும் அதுதான். ஒரே படத்துக்குள்ளேயே ஒரு பகுதி நின்றுவிட, இன்னொரு பகுதி கெட்டுப்போயிருக்கிறது.

‘சின்ன வீடு’ அடியோடு கெட்டுப்போன கதை. அழகி வேண்டும் என்று கனவு கண்டவனுக்குப் பருமனான மனைவி வாய்க்கிறாள். அவன் வெளியே இன்னொருத்தியைத் தேடிப் போகிறான், அடிபடுகிறான், திருந்துகிறான். நீதி சொல்லித்தான் படம் முடிகிறது. ஆனால் நீதிக்கு முன்னால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கல்பனாவின் உடம்பை வைத்துத்தான் ஊரைச் சிரிக்க வைக்கிறார்கள். கல்பனா எவ்வளவு பெரிய நடிகை என்பதைப் பின்னாளில் மலையாளத்தில் பார்த்தோம். ‘தனிச்சல்ல ஞான்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர், 2016-இல் மறைந்துபோனார். அந்த நகைச்சுவைக்காரியின் கையில் ஒரு நல்ல பதிலடி வசனத்தைக் கொடுத்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும் என்பது என் ஆற்றாமை.

பேகனின் சின்ன வீடு

இந்தக் கதை, கொடைக்கானல் இருக்கிற பழனி மலைக்குப் புதிதில்லை. இந்த மலையை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவனேதான். பொதினி என்று அகநானூறு சொல்வது அவன் குடியின் ஊர், இன்றைய பழனி. மயிலின் குளிர் தெரிந்த மகராசனுக்கு வீட்டில் மனைவி அழுவது தெரியவில்லை. கண்ணகி என்ற மனைவியை விட்டுவிட்டு வேறொருத்தியின் ஊரே கதியென்று கிடந்தான். (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. பேர்ப்பொருத்தம்தான் பாவம்.)

கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் இந்த விவகாரத்தில் தலையிட்டார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இதைப் பற்றியே இருக்கின்றன. பரிசில் வாங்கிப் பிழைக்கிற புலவர்கள், எங்களுக்குப் பசியுமில்லை, நகையும் வேண்டாம், இன்றிரவு தேரில் ஏறி வீட்டுக்குப் போ, அதுதான் நீ தரும் பரிசு என்கிறார்கள். எண்ணெய் காணாத அவள் கூந்தலில் பூ ஏறட்டும் என்கிறார் ஒருவர். பரணரின் பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. அழுதுகொண்டிருந்தவளிடம், நீ பேகனுக்கு உறவா என்று கேட்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் அவனுக்கு உறவில்லை, என்னைப் போல ஒருத்தியின் அழகுக்காக அவன் தேர் இன்னோர் ஊருக்குப் போய்வருகிறதாம் என்கிறாள். அழுகைக்கு நடுவிலும் அந்தக் குத்தல்! ‘சின்ன வீடு’ படத்து மனைவிக்குக் கிடைக்காத வசனம், புறநானூற்று மனைவிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்பே கிடைத்திருக்கிறது.

சங்கத் தமிழுக்குக் காமம் கசந்ததே இல்லை. மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்கே புணர்தல்தான் உரிப்பொருள். குறிஞ்சிக்கலியில் கபிலர் எழுதிய ஒரு பாட்டு இருக்கிறது, கலித்தொகையில் 51-ஆவது. சின்ன வயதில் தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டை மிதித்து, பூவைப் பிய்த்து, பந்தைப் பறித்து ஓடிய அந்தப் போக்கிரி, ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். அம்மா கொடுக்கச் சொல்ல, நானும் போனேன். கையைப் பிடித்து இழுத்தான். அம்மா, இவன் செய்ததைப் பார் என்று கத்திவிட்டேன். அம்மா அலறி ஓடி வர, ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவனோ, கடைக்கண்ணால் என்னைக் கொல்வது போலப் பார்த்துச் சிரித்தான், அந்தத் திருட்டுப் பயல். இவ்வளவுதான் பாட்டு.

வெறும் நிகழ்ச்சியாக எடுத்தால், அத்துமீறல். இன்றைய எந்தப் பெண்ணும் முகம் சுளிப்பாள். ஆனால் கல்லூரி வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தினால் மாணவிகள் சிரிக்கிறார்கள். ஏனென்றால் நடந்ததைத் தோழியிடம் சொல்வது அவள். அவனைக் காட்டிக்கொடுக்கவும் அவளால் முடியும், காப்பாற்றவும் அவளால் முடியும். அந்த விக்கல் அவளுடைய முடிவு. இதே காட்சியை அவன் வாயால், டீக்கடையில் நண்பர்களுக்கு முன்னால் சொல்ல வைத்துப் பாருங்கள். அதுதான் எண்பதுகளின் பாதிப் படங்கள்.

விடிய விடிய தர்க்கம்

பழனி மலையின் கதையென்றால் முருகன்–வள்ளி இல்லாமல் முடியாது. நற்றிணையிலேயே முருகனோடு சேர்ந்த வள்ளி உவமையாக வருகிறாள். கொடைக்கானலில் முருகனுக்கு 1936-இல் எழுந்த கோயிலில் அவர் பெயரே குறிஞ்சி ஆண்டவர்.

கந்தபுராணம் சொல்கிற வள்ளி திருமணத்தை, பக்தியைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுத் திரைக்கதையாக மட்டும் பார்ப்போம். தினைப்புனம் காக்கிற பெண்ணைத் தேடி வேடனாக வருகிறான் ஒருவன், அவள் மசியவில்லை. வேங்கை மரமாக நிற்கிறான். கிழவனாக வந்து தினைமாவு வாங்கித் தின்று, தண்ணீர் கேட்டு, கடைசியில் கல்யாணம் கேட்கிறான். கோபித்துக்கொண்டு போகிறவளை அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, அலறி ஓடிவந்து கிழவனையே கட்டிக்கொள்கிறாள். ஆள் வைத்து மிரட்டி, தானே காப்பாற்றி, காதலியின் மனதில் இடம்பிடிக்கிற சினிமா நாயகர்கள் எல்லாரும் இந்தக் கதைக்கு ராயல்டி தர வேண்டியவர்கள். ஆன்மாவை இறைவன் தேடி வந்து ஆட்கொள்வது என்று பெரியவர்கள் இதற்குப் பொருள் சொல்வார்கள். அந்தப் பொருள் வேண்டியவர்களுக்கு அது இருக்கிறது.

இந்தக் கதை இன்றும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது, கூட்டமும் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’தான் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்குச் சோறு போடுகிற முதல் நாடகம். அது எப்படி நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், நாரதர் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாகத் தேதி கொடுத்து வருகிறார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லாரும் அன்றைக்கு ராத்திரிதான் ஒன்றுசேர்கிறார்கள். பாட்டும் கதையும் எல்லாருக்கும் பாடம். ஆனால் நடுவில் தர்க்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏது பாடம்? நாரதர் வள்ளியை மடக்கப் பார்ப்பார், வள்ளி நாரதரை மடக்குவாள். அப்புறம் வேலன் வருவான், அவனையும் ஒரு கை பார்ப்பாள். புராணம், இலக்கணம், ஊர் விவகாரம் எல்லாம் தர்க்கத்தில் வரும். எதிராளி நேற்று இன்னோர் ஊரில் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு இவளிடம் புதுப் பதில் இருக்கும். நல்ல ஸ்திரீபார்ட்டுக்கு முன்னால் திணறிய ராஜபார்ட்டுகளின் கதைகளை நாடகக்காரர்கள் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். வள்ளி கடைசியில் அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு முன்னால் அவன் என்ன பாடு படுகிறான் என்று பார்க்கத்தான் பாயோடு வந்து உட்காருகிறார்கள்.

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அதே மேடையில் முன்ராத்திரியில் பபூனும் டான்ஸ் காமிக் பெண்ணும் ஆடுகிற பகுதி இருக்கிறது. இடித்துக்கொள்வது, இரட்டை அர்த்தம், எல்லாமே உண்டு. பபூன் கீழே இறங்கினால் கலைஞன். ஆடியவளுக்குத்தான் ஊர்ப்பேச்சு ஒட்டிக்கொள்கிறது. சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்தக் கலைஞர்களோடு பழகி, அவர்கள்மேல் விழுந்த களங்கத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார் (2005). இருந்தும் பபூனுக்கு ஒரு வசதி இருக்கிறது. முன்வரிசைக் கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த ஜோக்கை மாற்றிவிடலாம். பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வரவில்லை என்றால் வேறு பாட்டுக்குத் தாவலாம். ஊரின் கூச்சம் மாற மாற, அவனும் மாறிக்கொண்டே வருகிறான். படச்சுருளுக்கு அந்த வசதி கிடையாது. 1985 தீபாவளி அன்று மனைவியின் உடம்பைப் பார்த்துச் சிரித்த படம், 2025-லும் அதே இடத்தில் அதே சிரிப்பைச் சிரித்தாக வேண்டும்.

அந்த நாற்பது வருடங்களில் வெளியே என்னென்ன நடந்தன? 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலில் உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. பெண்ணைப் பின்தொடர்வதே குற்றம் என்று 2013-இல் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 354டி சேர்ந்தது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அதே வருடம் அக்டோபரில் ‘ரெமோ’ வந்தபோது, துரத்தித் துரத்திக் காதலிக்கும் நாயகனைப் பெரிய அளவில் கேள்வி கேட்டார்கள். 2018-இல் மீ டூ. முன்பு காமெடி டிராக்காக இருந்தது முதல் பக்கச் செய்தியாகிவிட்டால், அதே காட்சிக்கு எப்படிச் சிரிக்க முடியும்?

நம் அம்மாக்கள் அன்றைக்குச் சிரித்தார்களே என்பார்கள். சிரித்தார்கள்தான். பக்கத்து சீட்டில் புருஷன், பின்னால் மாமியார். வேறென்ன செய்வார்கள்?

கொடைக்கானலுக்கே திரும்பினால், தூண் பாறையைத் தாண்டிப் போகிற வழியில் ஒரு குகை இருக்கிறது. டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரை ‘குணா’ என்று ஒரு படம் மாற்றி எழுதியது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு மோதிய படம் அது. காமெடியும் இல்லை, விரசமும் இல்லை. ஆனால் மனநிலை பிறழ்ந்த ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்தி வந்து குகையில் வைத்திருக்க, மெல்ல மெல்ல அவளும் அவனை விரும்பத் தொடங்குகிறாள் என்கிற கதை, இன்றைய இளைஞர்களுக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கமலின் நடிப்பு, இளையராஜாவின் இசை, வேணுவின் கேமரா என்று எதைக் கொண்டு பூசினாலும் முள் முள்தான்.

2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது. 2006-இல் அந்தக் குகையில் விழுந்த நண்பனை இன்னொருவன் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவந்த உண்மைக் கதை. மேலே வந்ததும் ‘குணா’வின் கடிதப் பாட்டு ஒலிக்கிறது. தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் எழுந்து நின்று கத்தின. கடத்தியவன் கடத்தப்பட்டவளிடம் பாடிய காதல் பாட்டை, சிதம்பரம் என்ற இயக்குநர் எடுத்து இரண்டு நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். படம் பழசாகிவிட்டாலும், பாட்டு வேறு ஆள் பார்த்துக் குடிபோய்விட்டது.

பழைய படங்களை வெட்ட வேண்டும், டிவியில் ‘பீப்’ போட வேண்டும் என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘சின்ன வீடு’ முழுசாகவே ஓடட்டும். மகள் “இதுல என்னப்பா காமெடி?” என்று கேட்கட்டும், அப்பாவும் உட்கார்ந்து பதில் யோசிக்கட்டும். கே. பாலசந்தரின் ‘மன்மத லீலை’யை (1976) இன்றைக்குப் பார்த்தாலும் சில இடங்கள் நிற்கின்றன, ஏனென்றால் அதில் அசடு வழிகிறவன் ஆண். அந்தத் தலைப்பை இரவல் வாங்கி 2022-இல் வெங்கட் பிரபு எடுத்த படமும் சபலக்காரனை மாட்டிவிட்டுத்தான் வேடிக்கை பார்க்கிறது. இரண்டிலும் வீட்டுக்காரிக்கு இன்னும் நாலு பக்க வசனம் கொடுத்திருக்கலாம்.

அடுத்து ரொமாண்டிக் காமெடி எழுத உட்காருகிற இயக்குநர்கள் கதை விவாதத்துக்கு என்று கொடைக்கானலில் காட்டேஜ் போடுவது வழக்கம். போடட்டும். திரும்பும்போது கீழே திண்டுக்கல் பக்கம் ஏதாவது கிராமத்தில் திருவிழா நாடகம் நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வரலாம். டிக்கெட் கிடையாது. வள்ளி மேடையேற நடுராத்திரி தாண்டிவிடும், ஆகையால் பாய் ஒன்று கொண்டுபோவது நல்லது.